நாடகத்தை நிறுத்தினால் பதிவு தப்புமா?

கேள்வி: எங்கள் நாடகக் குழு சங்கமாகப் பதிவானது. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவின் (வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான சட்டப் பதிவு) புதுப்பித்தல் இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில், சாதிக் கொடுமை பற்றிய எங்கள் நாடகத்தை எதிர்த்து சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வரும்படி கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அந்தப் பதிவைக் காப்பாற்ற நாடகத்தை நிறுத்தி வைக்கலாமா? (செயலாளர், மதுரை மாவட்டம்)

பதில்: நிறுத்தாதீர்கள். நாடகத்தை விட்டுக்கொடுத்தால் பதிவு கிடைத்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகக் கையாளுங்கள்.

பேச்சுவார்த்தைதான் அவசரம். கூட்டத்துக்குப் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் அங்கேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘செயற்குழுவில் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும்’ என்று சொன்னால் போதும். 2015-இல் நாமக்கல்லில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு வந்தபோது, எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் இப்படி ஒரு கூட்டத்தில்தான் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவிக்க வேண்டியிருந்ததே! கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்வது அதனால்தான்.

காவல் நிலையத்தில் நாடகப் பிரதி கேட்டால், தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 1954-இன் முக்கியப் பிரிவுகளை, பத்திரிகையாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்துவிட்டதைச் சொல்லுங்கள். பொது இடம், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு அனுமதி வாங்கத்தான் வேண்டும். அனுமதி கேட்டுக் கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வாய்மொழியாக ‘வேண்டாம்’ என்று சொன்னதை வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடுவது சிரமம். எதிர்ப்பு மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை நசுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே ரங்கராஜன் வழக்கில் சொல்லியிருக்கிறது.

அடுத்தது பணம். பழைய எஃப்.சி.ஆர்.ஏ. பதிவின் காலம் முடிந்து, புதுப்பித்தலும் வரவில்லை என்றால், வெளிநாட்டு நிதியைப் பெறவும் கூடாது, கையிருப்பைச் செலவழிக்கவும் கூடாது. சம்பளம், வாடகை இரண்டையும் உடனே உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றுங்கள். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அந்த நிதியை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. கிராமக் குழுக்களுக்கு ‘உதவித்தொகை’ கொடுத்திருந்தால் தணிக்கையாளரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். பல குழுக்கள் சிக்குவது இங்கேதான், மேடையில் பேசிய வசனத்தால் அல்ல.

இந்த நாடகத்தை நன்கொடையிலும் டிக்கெட் வசூலிலும் மட்டுமே நடத்துங்கள், தனிக் கணக்கு வையுங்கள். 80ஜி ரசீது கேட்பவர்களிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது. ‘நீங்கள் அரசியல் சார்ந்த அமைப்பு, வெளிநாட்டு நிதி பெறக்கூடாது’ என்ற குற்றச்சாட்டு வந்தால், 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற தன்னார்வ அமைப்பின் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கைகொடுக்கும்: கட்சி அரசியலில் நேரடித் தொடர்பில்லாத அமைப்பை, போராட்ட வடிவங்களைக் கையாண்டதற்காக மட்டும் அப்படி முத்திரை குத்த முடியாது.

கூட்டத்துக்கு முன் செயற்குழுவைக் கூட்டுங்கள். நடிகர்களையும் கட்டாயம் அழையுங்கள். கல் வந்தால் மேடையில் நிற்கப் போவது அவர்கள். பயப்படுகிறவருக்கு விலகும் உரிமை உண்டு, அதற்காக அவருடைய சம்பளத்தைக் குறைக்காதீர்கள். யார் பேசுவது, எந்த நிலையில் காட்சியைத் தள்ளிவைப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, நகலை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் புறப்படுங்கள்.