பீட்டில்ஸோட '1' ஆல்பம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: 27 பாட்டு இருக்கு, ஆனா 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' காணோமே, மறந்துட்டாங்களா?

மறக்கலங்க. இது பீட்டில்ஸ்ங்கற பிரிட்டிஷ் பேண்டோட ஹிட் பாட்டுத் தொகுப்பு. 2000 நவம்பர்ல வந்த இந்த ஆல்பத்துக்கு ஒரே ஒரு ரூல்தான், பிரிட்டன் சார்ட்லயோ அமெரிக்கா சார்ட்லயோ (எது ஹிட்டுன்னு வாரவாரம் போடற ரேங்க் லிஸ்ட்) பாட்டு நம்பர் ஒன் ஆகியிருக்கணும். அந்தப் பாட்டு 1967ல 'பென்னி லேன்' கூட ஒரே சிங்கிளா (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்ன ரெக்கார்டு) வந்துச்சு, பிரிட்டன்ல ரெண்டாவது இடத்துலயே நின்னுருச்சு, அமெரிக்காவுல பென்னி லேன் மட்டும் முதலிடத்துக்குப் போச்சு, அதனால அது உள்ள, இது வெளிய. எனக்கு இன்னும் மனசு ஆறல. அப்போ பிரிட்டன்ல முதலிடத்த விடாம புடிச்சிட்டு இருந்தது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடின 'ரிலீஸ் மீ', அவரு பொறந்தது நம்ம மெட்ராஸ்ல!

கேள்வி: 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' நம்பர் ஒன்னுதானே சார், அதையும் விட்டுட்டாங்களே?

நீங்க சொல்றதும் சரிதான். அந்தக் காலத்துல பிரிட்டன்ல ஒரே சார்ட் கிடையாது, ஆளாளுக்கு ஒன்னு போடுவாங்க. என்எம்இ, மெலடி மேக்கர்னு ரெண்டு இசைப் பத்திரிகை சார்ட்லயும் முதலிடம், ரெக்கார்ட் ரீடெய்லர்ங்கற இன்னொரு பத்திரிகையில மட்டும் ரெண்டாவது இடம். ஆல்பம் போட்டவங்க ரெக்கார்ட் ரீடெய்லர் கணக்கதான் எடுத்துக்கிட்டாங்க.

கேள்வி: 'லவ் மீ டூ'ல ட்ரம்ஸ் ரிங்கோ இல்லன்னு ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான், நிஜமா?

இந்த ஆல்பத்துல இருக்கறதுல பீட்டில்ஸ் ட்ரம்மர் ரிங்கோ இல்ல, ஆண்டி ஒயிட்னு ஒரு செஷன் ட்ரம்மர், அதாவது ரெக்கார்டிங்குக்கு மட்டும் கூப்பிட்ட வெளியாள். 1962 செப்டம்பர் 4ஆம் தேதி ரிங்கோ வாசிச்சது ஒன்னு, 11ஆம் தேதி ஒயிட்ட வச்சு மறுபடி எடுத்தது ஒன்னு, பிரிட்டன்ல முதல்ல சிங்கிளா வந்தது ரிங்கோவோடது. கண்டுபிடிக்கறது ஈஸி, டாம்பரின் (கஞ்சிரா மாதிரி ஜல்ஜல்னு சத்தம் போடறது) சத்தம் கேட்டா அது ஒயிட் வாசிச்சது, அந்த டாம்பரின தட்டுனது ரிங்கோ! பாவம், வந்த புதுசுல அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

கேள்வி: ஜார்ஜ் ஹாரிசன் பாட்டு எத்தனை?

பீட்டில்ஸ் கிட்டாரிஸ்ட் அவரு எழுதினது 'சம்திங்' ஒன்னே ஒன்னு. அது போதும்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஒன்னு ரத்தினம்.

கேள்வி: 2000 சிடி வாங்கலாமா, 2015ல வந்ததா?

ஹெட்ஃபோன்ல கேக்கறவங்கன்னா 2015தான். பழைய ஸ்டீரியோல சில பாட்டுல குரல் ஒரு காதுல வாத்தியம் இன்னொரு காதுலன்னு பிரிஞ்சு நிக்கும், பீட்டில்ஸ் ப்ரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டினோட மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதுசா மிக்ஸ் பண்ணதுல அது நல்லா ஒன்னு சேர்ந்திருக்கு. 'லவ் மீ டூ', 'ஷீ லவ்ஸ் யூ' ரெண்டும் மட்டும் மோனோவுல (ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்) கெடச்சதுதான், புதுசா மிக்ஸ் பண்ண ஒரிஜினல் டேப்பே இப்ப இல்ல.

கேள்வி: அப்பாவுக்கு முதமுதலா பீட்டில்ஸ் கேக்க வைக்கணும், இதுவே போதுமாண்ணா?

கார்ல போட்டு விட இது அருமை, கிட்டத்தட்ட 79 நிமிஷம், ஒரு பாட்டு கூட தள்ளத் தோணாது. ஆனா இது சார்ட் கணக்கு, அவங்களோட ஆழம் இதுல பாதிதான் தெரியும். 'இன் மை லைஃப்' சிங்கிளாவே வரல, 'எ டே இன் த லைஃப்'பும் அப்படித்தான், ரெண்டுமே இதுல இல்ல. அதுக்கு 1973ல வந்த சிவப்பு ஆல்பம், நீல ஆல்பம்னு ரெண்டு பீட்டில்ஸ் தொகுப்பு இருக்கு, அடுத்த வாரம் அத எடுங்க, ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் நீலத்துல இருக்கு.