விதைநெல்லும் உறைமோரும்: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதித் தமிழ் மக்கள் கேட்டவற்றுக்கு, விதைப் பெருக்கத்திலும் பால்பொருள் தயாரிப்பிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த விடைகள்.

வேலந்தாவளம் உழவர்: ஐயா, ஜோதி நெல்லில் நானே விதை எடுத்து ஐந்து போகம் விதைத்துவிட்டேன், பெரிய மாற்றமில்லை. ஆனால் நெட்டை-குட்டை ஒட்டுத் தென்னையின் காயில் நாற்றுவிட்டால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாக வருகிறதே, ஏன்?

நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. ஆகவே ஒருமுறை நிலைப்படுத்திய குணம் தலைமுறை தோறும் அப்படியே வருகிறது. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லின் குட்டைத் தாளை, பட்டாம்பி ஆய்வு நிலையத்தார் தங்கள் பி.டி.பி.10 இரகத்தோடு சேர்த்து, வந்த பயிர்களில் வேண்டியதை மட்டும் பல தலைமுறை பொறுக்கி எடுத்ததன் பயனே ஜோதி. உரம் போட்டாலும் அதன் தாள் எளிதில் சாயாது. (அதே நிலையத்தின் பி.டி.பி.33, புகையான் பூச்சியைத் தாங்கும் குணத்துக்காகப் பிற நாட்டு ஆய்வாளர்களும் தேடிச் சென்ற இரகம் என்பதை நம் பக்கத்தார் பலர் அறியார்.)

தென்னையின் கதை வேறு. 1930களில் நீலேசுவரத்தில் நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது கிடைத்த வீரியம் முதல் தலைமுறைக்கே உரியது. அந்த மரத்தின் காயை முளைக்கவிட்டால், பெற்றோரின் குணங்கள் பிரிந்து வெவ்வேறு கலவையாக வெளிப்படும். போதாததற்குப் பக்கத்து மரத்து மகரந்தமும் கலந்துவிடும். எனவே ஒட்டு நாற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகவே வாங்க வேண்டும். நெல்லிலும் கவனம் வேண்டும்: பூக்கும் பருவத்தில் உயரம் மாறி நிற்கும் கலவன்களைப் பிடுங்கிவிட்டு, வரப்போரத்தை விடுத்து வயலின் நடுப்பகுதியில் விதை எடுங்கள்.

சித்தூர் கல்லூரி மாணவி: இதுவும் மரபணு மாற்றமும் ஒன்றுதானா?

இல்லை, அம்மா. பொறுக்குவதில் இனத்துக்குள் இருக்கும் குணங்களில் ஒன்றைத் தேர்கிறோம். மரபணு மாற்றத்தில் ஆய்வகத்தில் மரபணுவையே மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ செய்கிறார்கள்.

மீனாட்சிபுரம் இல்லத்தரசி: என் மாமியாரின் உறைமோர் முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கிறது. இப்போது தயிர் மிகவும் புளிக்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அம்மா, நீங்கள் அறியாமலே வேறொன்றைத் தேர்ந்திருக்கிறீர்கள். உறைமோரில் பலவகைப் பாக்டீரியாக்கள் உண்டு. அவை பாலின் இனிப்பை இலாக்டிக் அமிலமாக்க, அமிலம் ஏறும்போது பாலின் கேசீன் புரதம் திரண்டு தயிராகிறது. அமிலத்தை நன்றாகத் தாங்கும் இலாக்டோபசில்லசு வகை கடைசிவரை பெருகிக்கொண்டே இருக்கும் என்பதால், நாள்பட்டுப் புளித்த தயிரை உறையாக எடுப்பவர், வாரந்தோறும் அந்த வகையையே பெருக்கிக்கொண்டு வருகிறார். பதராகிப்போன கதிரை யாரும் விதைக்கு எடுப்பதில்லை அல்லவா? அன்று உறைந்த தயிரில், புளிப்பு ஏறுமுன் ஒரு கரண்டியை எடுத்து வைத்து, கொதித்து ஆறிய வெதுவெதுப்பான பாலில் ஊற்றுங்கள். சில சுற்றுகளில் சுவை திரும்பும்.

கொழிஞ்சாம்பாறை சிற்றுண்டிக் கடைக்காரர்: ஆடி மழையில் இட்லி மாவு பொங்கவில்லை. ஈஸ்டு போடலாமா?

வேண்டாம். பொங்கவைக்கும் லூக்கோனோசுடாக் என்னும் பாக்டீரியா உளுந்தோடேயே வருகிறது. அது விடும் கரியமில வாயுவை உளுந்தின் வழுவழுப்பு பிடித்து வைக்கிறது. ஆகவே உளுந்தைக் குறைத்தவர் ஈஸ்டு போட்டும் பயனில்லை. பாத்திரத்தை அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் வையுங்கள்.

வேலந்தாவளம் கள்ளிறக்கும் தொழிலாளி: கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத தெளுவு, தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு என்ன செய்கிறது?

பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் முதல் சொட்டு விழுந்ததுமே அதைச் சாராயமாக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அவற்றால் வேலை செய்ய இயலாது. கழுவாத பழைய கலயத்தில் கள் விரைவாக நுரைப்பதும், முன்னாளின் ஈஸ்டு அதன் சுவரில் தங்கிவிடுவதால்தான். அதுவும் ஓர் உறை. காலையில் இறக்கிய இளங்கள்ளை அரிசி மாவில் ஊற்றினால் ஆப்பம் பூவாக வரும். இரண்டு நாள் கடந்தால் அசிட்டிக் பாக்டீரியா அந்தச் சாராயத்தைக் காடியாக்கிவிடும். பிறகு அது ஆப்பத்துக்கு ஆகாது, ஊறுகாய்க்கு ஆகும்.