ப்ரீ-ஃபில்டர் கவரைத் துவைத்து மாட்டியபின் டிப்பர் இழுக்கவில்லை, கறும்புகை

ஏர் ஃபில்டருக்கு மேலே மாட்டும் துணி உறையான ப்ரீ-ஃபில்டர் கவரைக் கழற்றிவிட்டு, உள்ளே உள்ள மெயின் ஃபில்டரோடு மட்டும் லோடு ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பி, கறும்புகையும் குறைந்தால் கோளாறு கவரில்தான். அதற்குமுன் டர்போவையோ டீசல் பம்பையோ பிரிக்க விடாதீர்கள்.

துவைத்த அன்றே மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஈரம்தான் காரணம். கிரஷர் தூசி ஈரத் துணியில் பட்டால் சேறாக அப்பிக்கொள்ளும், அப்புறம் காற்று எப்படிப் போகும்? நிழலில் முழுதாகக் காயவேண்டும். அதனால் இரண்டு கவர் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதுதான் சரி. அதில் எண்ணெய் தடவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மெயின் ஃபில்டரில் இருக்கும் பேப்பரை அது நனைத்துவிடும்.

சந்தேகம் தீர, ஏர் கிளீனர் இண்டிகேட்டரை (ஃபில்டர் அடைத்தால் சிவப்பு காட்டுவது) அழுத்தி ரீசெட் செய்து, கவர் இல்லாமல் ஒரு நடை, காய்ந்த கவரோடு ஒரு நடை போய்ப் பாருங்கள். இரண்டும் முழு லோடில். டர்போ எஞ்சின் அதிகக் காற்றை இழுப்பது அப்போதுதான். நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டர் மிதித்தால் ஒன்றும் தெரியாது. கவர் இல்லாமலே சிவப்பு வந்தால் மெயின் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். கவரின் ஓரம் ரப்பர் சீலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தூசி நேரே எஞ்சினுக்குள் போகும். ஃபில்டருக்கு அப்பால் உள்ள ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் துடையுங்கள். தூசி ஒட்டினால் வண்டியை அப்படியே ஓட்டவேண்டாம்.