அகாடெஸ் முதல் திரிபோலி வரை: இடைவழி நாடுகளில் ஆப்பிரிக்கப் புலம்பெயர்வோர் – கேள்வி பதில்

கேள்வி (அருள்மொழி): மேற்கு ஆப்பிரிக்கர்கள் பலரும் நைஜர் நாட்டின் அகாடெஸ் நகருக்கு வந்து சேர்வது ஏன்?

பதில்: மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1979இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உறுப்பு நாட்டவர் விசா இன்றி இன்னொரு உறுப்பு நாட்டுக்குள் நுழைந்து 90 நாள் தங்கலாம். ஆகவே காம்பியாவிலிருந்தும் கினியாவிலிருந்தும் கிளம்பும் இளைஞர், சோதனைச் சாவடிகளில் காவலர் கேட்கும் பணத்தை அழுதுகொண்டே கொடுத்தாலும், சகாராவின் தென் விளிம்பிலுள்ள அகாடெஸ் வரை சட்டப்படியே பேருந்தில் வந்துவிட முடிந்தது. (நைஜர் 2025 ஜனவரியில் அக்கூட்டமைப்பிலிருந்து விலகிவிட்டது.) இவர்களில் கணிசமானோரின் இலக்கு ஐரோப்பா அன்று, லிபியாவிலோ அல்ஜீரியாவிலோ சில காலம் கட்டட வேலை செய்து, கையில் காசோடு ஊர் திரும்புவதே அவர்களின் நோக்கம். ஐரோப்பியச் செய்திகள் இதை அநேகமாகச் சொல்வதே இல்லை.

கேள்வி (ஜோசப்): பாலைவனத்தை எப்படிக் கடக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் டொயோட்டா ஹிலக்ஸ் வண்டிகளின் திறந்த பின்பகுதியில். ஒரு வண்டியில் 25 பேருக்கு மேல் ஏற்றுவார்கள். விளிம்பில் அமர்பவர்கள், மூட்டைகளுக்கு இடையே செருகிய கம்புகளைக் கால்களுக்கு நடுவே இறுகப் பிடித்துக்கொள்வார்கள். தூக்கத்தில் பிடி நழுவி விழுந்தவருக்காக ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தண்ணீர் கேன்கள் வண்டியின் பக்கவாட்டில் தொங்கும். 2013 அக்டோபரில் அல்ஜீரிய எல்லையருகே வண்டிகள் பழுதாகி நின்றதால் தாகத்தால் இறந்த 92 பேரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கேள்வி (நிலோஃபர்): புலம்பெயர்வோரைச் சட்டவிரோதமாக ஏற்றிச்செல்வதைத் தடுக்க நைஜர் சட்டம் இயற்றியதே, அதனால் உயிர்கள் காக்கப்படவில்லையா?

பதில்: காக்கப்படவில்லை என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு முன்பு வாரந்தோறும் திங்கட்கிழமை இராணுவ வாகனத் தொடரின் பின்னால் வண்டிகள் வெளிப்படையாகக் கிளம்பின. வழியில் ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். 2015இல் இயற்றப்பட்ட சட்டம் அடுத்த ஆண்டு கடுமையாக அமலுக்கு வந்து, ஓட்டுநர்கள் சிறையில் அடைக்கப்பட்டு வண்டிகளும் பறிமுதலானபோது, தொழில் நிற்கவில்லை. கிணறுகள் உள்ள பழைய தடத்தை விட்டுவிட்டு, எவரும் செல்லாத மணல்வெளிக்கு நகர்ந்தது. தொலைவில் இராணுவ வண்டியின் புழுதியைக் கண்டதும் பயணிகளை இறக்கிவிட்டு ஓட்டுநர்கள் தப்பினார்கள். விடுதி, உணவு, தண்ணீர் கேன் விற்பனை என இப்போக்குவரத்தை நம்பிப் பிழைத்த அகாடெஸ் மக்களும் வருமானம் இழந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தருவதாக வாக்குறுதியளித்த மாற்றுத்தொழில் உதவி அவர்களில் சிலரை மட்டுமே எட்டியது. 2023 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு, அவ்வாண்டு நவம்பரில் அச்சட்டத்தை நீக்கியது.

கேள்வி (செல்வி): லிபியாவில் சிக்கியவர்கள் ஏன் ஊர் திரும்புவதில்லை?

பதில்: வந்த வழியிலேயே திரும்புவதென்றால் அதே பாலைவனத்தை மீண்டும் பணம் கொடுத்துக் கடக்க வேண்டும். சபா, பானி வாலித் போன்ற ஊர்களில் ஆயுதக் குழுக்கள் ஆட்களை அடைத்துவைத்து, வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து, அடிபடுபவரின் அலறலைக் கேட்கச் செய்து பணம் பறிக்கின்றன. கடலில் இறங்கியவர்களையும், 2017 பிப்ரவரியில் இத்தாலி செய்த ஒப்பந்தத்துக்குப் பின் அதன் உதவியால் வலுப்பெற்ற லிபியக் கடலோரக் காவல்படை மறித்துத் தடுப்பு முகாம்களுக்கே கொண்டுசெல்கிறது. சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு விமானத்தில் ஊருக்கு அனுப்பிவைக்கிறது என்பது உண்மையே. ஆனால் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் அனுப்பிய குடும்பத்தின் முன் வெறுங்கையோடு நிற்க வேண்டுமே என்று பலர் அதற்கும் தயங்குகிறார்கள்.

கேள்வி (ரகு): அல்ஜீரியா?

பதில்: அங்கே பிடிபடுவோர் லாரிகளில் தெற்கே கொண்டுவரப்பட்டு, எல்லையில் இறக்கிவிடப்படுகிறார்கள். அங்கிருந்து நைஜரின் அசமக்கா வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர், பெரும்பாலும் இரவில், கர்ப்பிணிகளும் நோயாளிகளும் உட்பட நடந்தே வர வேண்டும். அந்தச் சிற்றூருக்குத் தாங்க முடியாத கூட்டம் வந்துசேர்வதால், தங்க இடமின்றிச் சுவரோர நிழலில் படுத்துக்கிடப்போர் பலர். இவர்களில் கைப்பேசியும் சேமிப்பும் பறிபோனவர்களும் உண்டு. அகாடெஸுக்கு மீண்டும் வந்து, விட்ட இடத்திலிருந்து வடக்கே கிளம்புவோர் ஏராளம்.