வேட்டைக்குச் சொல்லிச் செய்யும் வில்: 62 அங்குல ரிகர்வா, 64 அங்குல லாங்போவா?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கிறார். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும்போது வரும் நீளம், 26½ அங்குலம். இரண்டு வருடமாக அம்பு விட்டுப் பழகுகிறார். நியூசிலாந்தில் இருக்கும் அண்ணனோடு அடுத்த வருடம் மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அமெரிக்காவில் இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்திருக்கிறார். ஒன்று மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய 62 அங்குல ரிகர்வ், அதாவது நுனி முன்பக்கம் வளைந்த வில்; 28 அங்குலத்துக்கு இழுத்தால் 50 பவுண்டு பலம் கேட்கும். மற்றது ஒரே துண்டான 64 அங்குல லாங்போ, அதாவது நுனி அப்படி வளையாத நீள வில், 28 அங்குலத்தில் 47 பவுண்டு. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரிகர்வை எடுங்கள். ஆனால் 50 பவுண்டில் எடுக்காதீர்கள்.

இதைச் சொல்கிற நான் லாங்போ பிடிக்கிறவன். கையில் எடை தெரியாது, விட்டதும் சத்தம் அடங்கிவிடும், நாணேற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாலே மனசு நிறையும். அதனால் ரிகர்வ் விற்கிறவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்களுக்கு ரிகர்வ் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 50 என்ற எண்ணைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

2017ல் நானும் உங்களைப் போலத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பழகும் இடத்தில் 30 பவுண்டு வில் ஒரு வருடம் பிடித்திருந்தேன். என் மனதில் இருந்தது 42. சனிக்கிழமை பழகிவிட்டு உணவங்காடியில் தே ஓ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். எங்களோடு வருகிற ஒரு அண்ணன், "நாற்பத்திரண்டா? அது பிள்ளைங்க வில்லு தம்பி, எடுக்கிறதுதான் எடுக்கிற, ஆம்பளையா ஒண்ணு எடு" என்றார். மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்று இரவே வில் செய்பவருக்கு 55 என்று எழுதிவிட்டேன். இழுப்பு நீளம் என்ன என்று கேட்டு அவர் பதில் போட்டார். 28 என்று எழுதினேன். அளக்கவே இல்லை. எல்லா வில்லிலும் 28 என்று எழுதியிருக்கிறதே, நமக்கும் அதுதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினொரு மாதம் கழித்து வில் வந்தது. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உள்ளே மூங்கில், மேலே ஓசேஜ் மரத்தின் மஞ்சள், பிடியில் சுற்றிய தோலில் தையல் ஒன்றுகூடப் பிசகவில்லை. சொன்னதை அவர் செய்து கொடுத்தார். சொன்ன எண்தான் பொய்.

அந்த 28 அங்குலம் என்பது உங்கள் கையின் அளவு அல்ல, பவுண்டை எழுதுவதற்கு வில் செய்பவர்கள் வைத்திருக்கும் பொது அளவு. அதற்குக் குறைவாக இழுத்தால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு முதல் மூன்று பவுண்டு வரை குறையும், கூட இழுத்தால் ஏறும். தேக்காவில் சட்டை தைக்கிற கடையில் இருந்து ஒரு டேப் வாங்கி வந்து, வீட்டில் மனைவியை விட்டு அளக்கச் சொன்னபோது என் அளவு 27தான் வந்தது. அப்படியானால் என் விரலில் விழுவது ஏறத்தாழ 52 பவுண்டு. முப்பது பழகிய தோளில் 52.

முதல் மாதம் ஆசையில் ஓடிவிட்டது. மூன்றாவது மாதம் என் நடுவிரல் வாயோரத்துக்கு வருவதே நின்றுபோனது. தாடைக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நாண் கையை விட்டுப் போய்விடும். பிடித்து நிறுத்த முடியாது, நிறுத்தப் பயம். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் வேகமாக விடுகிற மாதிரி தெரிந்திருக்கும். ஒருநாள் காலையில் துணி காயப்போட மூங்கில் கழியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழாயில் சொருகப் போனேன், கை தோளுக்கு மேலே போகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். தோள்பட்டைத் தசைநாரில் பாதிக் கிழிசல். ஆறு மாதம் பிசியோதெரபி. அந்த ஆறு மாதமும் கழியைத் தூக்கியது என் மனைவிதான்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தோள் சரியானதும் அதே வில்லைத் தூக்கிக்கொண்டு 2019ல் நியூசிலாந்தில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்குப் போனேன். காட்டாடுதான் தேடிப் போனோம். காலைக் குளிரில் ஒரு பாறைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஆடு பதினைந்து மீட்டரில் பக்கவாட்டில் வந்து நின்றது. அதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. இழுத்தேன். மரத்துப்போன தோள் பாதியிலேயே நின்றது, நாண் கையை விட்டுப் போய்விட்டது. அம்பு பின்தொடையில் இறங்கியது.

நாலு மணி நேரம் தேடினோம். பெரணிச் செடியில் மிளகு அளவு ஒரு சொட்டு, முப்பது அடி தள்ளி இன்னொரு சொட்டு, அப்புறம் ஒன்றும் இல்லை. கடைசியில் ஓடைக்கரையில் அது படுத்திருந்ததை மச்சான் பார்த்தார். துப்பாக்கியால் முடித்தவரும் அவர்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆட்டின் கண் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு வேட்டையே பாவம், இதற்கு ஆலோசனை வேறா என்று சிலர் கீழே எழுதுவார்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதனால்தான் அந்த ஆட்டைப் பற்றி மறைக்காமல் எழுதினேன். ஆனால் ஒரு விஷயம். வௌவாலை விட்டால் நியூசிலாந்துக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி கிடையாது. மான், ஆடு எல்லாம் வெளியில் இருந்து கொண்டுபோய் விட்டவை, அங்கத்திய காட்டை மேய்ந்து தீர்க்கின்றன, அரசாங்கமே ஆள் வைத்துக் குறைக்கிறது. அரசுக் காட்டில் வேட்டையாட அங்கே அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள், வில்லோடும் போகலாம். இங்கிலாந்தில் வில் வேட்டைக்கு இடமே இல்லை, 1981லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் கேட்கவே வேண்டாம். பாசிர் ரிஸ் பக்கம் காட்டுப்பன்றி சுற்றுகிறதே என்று யாரும் கணக்குப் போட வேண்டாம், இங்கே அனுமதியில்லாமல் காட்டு விலங்கைக் கொல்வது மட்டுமில்லை, தீனி போடுவதே குற்றம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

லாங்போ நல்லதா ரிகர்வ் நல்லதா என்ற சண்டையில் நீங்கள் இறங்க வேண்டாம். பேர்பெற்ற அமெரிக்க வில் வேட்டைக்காரர்கள் இரண்டு பேரில் ஹோவர்ட் ஹில் லாங்போவோடு வேட்டையாடினார். ஃப்ரெட் பேர் ரிகர்வோடு ஆடினார். இரண்டு பேரும் சாதித்தவர்கள்தான். உங்களுக்கு முக்கியமானது மூன்று: விமானம், பழகும் நேரம், தோள்.

64 அங்குலம் என்றால் ஏறக்குறைய 163 சென்டிமீட்டர். பெரும்பாலான விமான நிறுவனங்கள் சாதாரணப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். குழாயில் போட்டால் வில்லின் நீளமே அதைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தடவையும் கவுன்டரில் நின்று பேச வேண்டும், சில தடவை தனிக் கட்டணம். கழற்றும் ரிகர்வில் மிக நீளமான துண்டே ஏறத்தாழ இரண்டடிதான், துணிக்கு நடுவே பெட்டிக்குள் போய்விடும். லாங்போவிலும் இரண்டு துண்டாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் கேட்டு வைத்திருப்பது அது இல்லையே.

அதைவிடப் பெரிய காரணம் லிம்ப், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் பகுதி. கழற்றும் வில்லில் நடுக்கட்டை ஒன்றுதான், மேல் கீழ் லிம்ப் மட்டும் மாற்றலாம். ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு ஜோடி கேளுங்கள். ஒன்று 35, இன்னொன்று 44 அல்லது 45. இரண்டையும் "28 அங்குலத்தில்" என்று எழுதாதீர்கள், "என் 26½ அங்குல இழுப்பில்" என்று எழுதுங்கள். பிடி மாறாது, கை மாறாது, இழுக்கும் பவுண்டு மட்டும் மாறும். வாரத்துக்கு ஒருநாள் பழகுகிற நமக்கு இது பெரிய வரம். எங்கள் துறைமுகப் பட்டறையில் ஞாயிறு வேலை போட்டால் அந்த வாரமும் போய்விடும். நின்ற பழக்கத்தை 35ல் மீட்டுக்கொண்டு 45க்கு ஏறலாம்.

45 போதுமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 35, 40 பவுண்டுதான். 450 கிரெயினுக்கு (ஏறக்குறைய 29 கிராம்) எடை குறையாத அம்பு, சவரக்கத்தி போலத் தீட்டிய இரண்டு அலகு முனை, பதினைந்து மீட்டருக்குள் பக்கவாட்டில் நிற்கும் பெண் செம்மான், இது போதும். பெரிய கொம்பன் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு வருடம் பழகுங்கள், அப்புறம் மூன்றாவது ஜோடி லிம்ப் வாங்கலாம்.

ரிகர்வில் குறை இல்லாமல் இல்லை. வளைந்த நுனியில் நாண் வந்து அடிக்கும், அதனால் சத்தம் கொஞ்சம் கூட. நாணில் கம்பளிக் குஞ்சம் கட்டினால் பாதி அடங்கும், நாணை நாலு முறுக்கு முறுக்கி நாணுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் அடங்கும். காலுக்கிடையில் விட்டு நாணேற்றாதீர்கள், லிம்ப் முறுக்கிக்கொள்ளும், அதற்கென்று கயிறு விற்கிறார்கள்.

நம் ஊர்க் காற்றுக்கும் ஒரு வார்த்தை. ஃபைபர்கிளாஸ் ஒட்டிய வில் என்பதால் ஈரம் உங்களை அவ்வளவாகப் பாதிக்காது. ஒரே மரத்தில் செதுக்கிய வில் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். மரத்துக்குள் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், சிங்கப்பூரில் திறந்து வைத்தால் பதினைந்துக்கு மேல் ஏறி வில் சோர்ந்து வளைந்து நிற்கும். ஃபைபர்கிளாஸுக்கு எதிரி வெயில். காரின் பின்பெட்டியில் மத்தியானம் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். வரவழைப்பதற்கு முன்னால் காவல்துறை உரிமப் பிரிவுக்கு எழுதிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் இறங்கும்போது மரம், அம்பில் கட்டிய வான்கோழி இறகு இரண்டையும் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

இதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனாலும் மனதில் கிடக்கிறது. என் மகன் உயர்நிலை ஒன்றில் படிக்கும்போது தமிழ்க் கட்டுரையில் "அப்பாவின் கொடுமரம் அலமாரிக்கு மேலே இருக்கும்" என்று எழுதினான். கொடு என்றால் வளைந்த, கொடுமரம் என்றால் வில். சங்கப் பாட்டில் இருக்கும் சொல், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து "இப்படி ஒரு சொல் இல்லை" என்று எழுதி மதிப்பெண் குறைத்துவிட்டார். அகராதிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பாடநூலில் இல்லாத சொல்லைத் தவிர்ப்பது நல்லது என்று பதில் வந்தது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் சாய்த்தான் என்று வல்வில் ஓரியைப் பாடி வைத்திருக்கிற மொழி இது. பிள்ளை அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதவே இல்லை. நல்ல ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் எல்லாரையும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

அந்த 55 பவுண்டு வில்லை வாங்கிய விலைக்கு அறுநூறு வெள்ளி குறைவாக, என்னைவிடத் தோள் பெரிய ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது என் இழுப்பில் 41 பவுண்டு வரும் லாங்போ வைத்திருக்கிறேன். விரல் வாயோரத்தைத் தொடும், அங்கே நிற்கும், நான் மூன்று எண்ணுவேன், அப்புறம்தான் போகும்.

நீங்கள் ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். லேசான வில் ஒன்றை இரவல் வாங்கி, நீளமான அம்பு வைத்து முழுதாக இழுத்து நில்லுங்கள். நாண் உட்காரும் பள்ளத்தில் இருந்து வில்லின் முன்பக்கம் வரை இன்னொருவர் பேனாவால் குறிக்கட்டும். ஒரு தடவை போதாது, களைத்த பிறகும் அளக்க வேண்டும். வந்த அளவை இங்கே எழுதுங்கள். இப்போது சொல்லியிருக்கும் 26½ யார் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.