முதல் பச்சோந்தி: கூண்டு முதலில், அப்புறம் பச்சோந்தி

கேள்வி: பத்து வயது மகள் பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிறாள். வீட்டில் பழைய மீன் தொட்டி சும்மா கிடக்கிறது. அதில் வைக்கலாமா? தனியாக இருந்தால் ஏங்குமே, ஜோடியாக வாங்கட்டுமா?

இரண்டுமே வேண்டாம்.

பச்சோந்தி தனிக்கட்டை. இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஓயாத பதற்றத்தில் தீனி குறைந்து நோயில் விழும். தொட்டியின் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைக்கூட எதிரி என்று நினைத்து, உடலைத் தட்டையாக்கி வாயைப் பிளந்து சீறும். அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. மேலே மட்டும் திறப்புள்ள தொட்டியில் ஈரம் தேங்கும், மூச்சுத் தொற்று வரும்.

முதல் முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது, கடைகளில் வெய்ல்டு கமீலியன் என்று விற்கும் ஏமன் பச்சோந்தி. மற்ற பல இனங்களைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆணாகவே வாங்குங்கள். பெண், இணை சேராமலேயே முட்டையிடும். ஈர மணலில் ஆழமாகத் தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரைக் குடித்துவிடும். ஆணை அடையாளம் காண்பது எளிது: பின்னங்கால் குதியில் சின்ன முள் போல ஒரு புடைப்பு இருக்கும். குஞ்சிலேயே தெரியும்.

காட்டில் பிடித்தது வேண்டாம். ஒட்டுண்ணிகளோடும் மிரட்சியோடும் வரும். வளர்ப்பில் பிறந்து மூன்று மாதமாவது ஆனதைக் கேளுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா, உரிமம் வேண்டுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது நிறத்தில் மயங்க வேண்டாம், கண்ணைப் பாருங்கள். இரண்டும் புடைத்து, ஆளுக்கொரு பக்கம் சுழல வேண்டும். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது சாது இல்லை, நோயாளி. கால்கள் வளைந்திருந்தாலோ கிளையைப் பிடிக்கத் தடுமாறினாலோ விட்டுவிடுங்கள்.

சரி, கூண்டு. வளர்ந்த ஆணுக்கு அகலமும் ஆழமும் 60 செ.மீ., உயரம் 120 செ.மீ. உள்ள வலைக்கூண்டு. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள், மறைந்துகொள்ள நிஜச் செடிகள். இது இலையையும் கடிக்கும் என்பதால் மருந்து தெளிக்காத செம்பருத்தி நல்லது. தரையில் எதையும் கொட்ட வேண்டாம்.

மேலே இரண்டு விளக்குகள். ஒன்று வெயில் காய. அதன் கீழ்க் கிளையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் போதும். இன்னொன்று நீளமான யுவிபி குழல் விளக்கு; யுவிபி என்பது வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர். அது இல்லாவிட்டால் தீனியில் உள்ள கால்சியம் உடம்பில் ஒட்டாது, எலும்பு ரப்பர் போல வளைந்துவிடும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள்; கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். பகலில் 12 மணி நேரம் எரியட்டும், இரவில் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஒளி குறையாததுபோலத் தெரிந்தாலும் யுவிபி தேய்ந்துபோகும். தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் குழலை மாற்றுங்கள்.

பலர் கோட்டைவிடுவது தண்ணீரில்தான். கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் சீண்டாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் இலைகள் நனையத் தெளியுங்கள், கூடவே சொட்டு சொட்டாக விழும் டிரிப்பர் ஒன்று வையுங்கள். அடுத்த தெளிப்புக்குள் கூண்டு காய்ந்துவிட வேண்டும். போதுமான தண்ணீர் குடிக்கிறதா என்பதை எச்சம் சொல்லிவிடும்: அதில் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் சரி, முழுக்க ஆரஞ்சாக மாறினால் தாகம்.

தீனிக்கு உயிருள்ள சுவர்க்கோழி. முந்தின நாளே அதற்குக் கீரை, கேரட் கொடுத்து, தரும் நேரத்தில் கால்சியம் பவுடர் தூவுங்கள்.

இதையெல்லாம் பொருத்தி, வெறும் கூண்டை ஒரு வாரம் ஓடவிட்டு, வெப்பமும் ஈரமும் நிலைத்த பிறகே பச்சோந்தியைக் கொண்டுவாருங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதையும் அதற்குள் விசாரித்துவிடுங்கள். மகளிடம் ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நல்லது: இது பார்த்து ரசிக்கும் பிராணி, தூக்கிக் கொஞ்சுவது அல்ல. இடுக்கியில் பூச்சியை நீட்டினால் நாக்கு வந்து இழுத்துப் போகும்; அந்த வேலையை அவளிடமே விடலாம். முடித்ததும் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இதன் எச்சத்தில் இருக்கலாம்.