டெல்லியில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்களுக்கு: நூலகக் கேள்வி பதில்

கே: அக்கா, சிலப்பதிகாரம் பற்றிக் கேட்டலாக்கில் தேடினால் ரெண்டே புத்தகம் வருது. இங்கே தமிழ் நூலே வாங்குவதில்லையா?

ப: ‘எஸ்’ போட்டுத் தேடியிருப்பீர்கள். பல நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் ஏற்றியிருக்கின்றன. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையில் ‘ச’வுக்கு எப்போதும் ஆங்கில ‘சி’ எழுத்து. ‘த’வுக்கு டைகரின் டி, பின்னால் ‘எச்’ கிடையாது. ஆக, சி-ஐ-எல்-ஏ-பி-பி-ஏ-டி-ஐ-கே-ஏ-ஆர்-ஏ-எம் என்று அடியுங்கள். சங்கமும் ‘சி’யில்தான் இருக்கும், நடுவில் ‘ஜி’க்குப் பதில் ‘கே’. ‘ழ’வுக்கு அடிக்கோடிட்ட ‘எல்’. கோடில்லாமல் அடித்தாலும் பெரும்பாலும் வரும். பழைய பதிவுகளில் ‘எஸ்’ஸும் ‘இசட்-எச்’சும் உண்டு. அதனால் தமிழில் ஒருமுறை, இந்த முறையில் ஒருமுறை, பேச்சுவழக்கு ஸ்பெல்லிங்கில் ஒருமுறை தேடுங்கள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூவி முறையில் அடுக்கிய நூலகமென்றால் 894.811 அலமாரிக்கே போய்விடுங்கள். தமிழ் இலக்கியத்தின் எண் அது.

கே: ரூமிலிருந்து ஜர்னல் கட்டுரை திறந்தா பணம் கேட்குது.

ப: நூலகத்தில் இன்ஃபெட் கணக்கு (கேம்பஸுக்கு வெளியிலிருந்தும் நூலகம் சந்தா கட்டிய இதழ்களைத் திறக்க உதவும் லாகின்) கேட்டு வாங்குங்கள். பிறகு பதிப்பாளர் தளத்தில் ‘நிறுவனம் வழியாக உள்நுழை’யை அழுத்தி, உங்கள் பல்கலைக்கழகப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடக்கிறது: 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு நிறுவனங்களுக்குத்தான், தனியார் கல்லூரி இதில் சேராது. பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுக்காதீர்கள். அவர் மென்பொருள் வைத்து நூற்றுக்கணக்கில் இறக்கினால் பதிப்பாளர் கேம்பஸையே முடக்கிவிடுவார்.

கே: ஹாஸ்டல் வைஃபையை விட்டு வந்தா பேப்பர் திறக்கலயே?

ப: மேலே இருக்கிறது.

கே: ஷோத்கங்கா, அதான் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளம், அதில் தமிழ் ஆய்வேட்டுக்குள் சொல் தேட முடியலயே?

ப: பழைய எழுத்துருவில் அடித்ததும், வெறுமனே ஸ்கேன் செய்ததும் அப்படித்தான். தலைப்பு, நெறியாளர் பெயர் வைத்துத் தேடுங்கள். கோப்புகள் இயல்வாரியாக இருக்கும். துணைநூற்பட்டியலை முதலில் திறங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

கே: முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கலாம்னு டெல்லி ஹைகோர்ட்டே சொல்லிடுச்சே?

ப: டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடையான ரமேஷ்வரி மீது பதிப்பாளர்கள் போட்ட வழக்கைத்தான் சொல்கிறீர்கள்; அதில் அப்படிச் சொல்லவில்லை. 2016 தீர்ப்பு பேசியது, பாடத்துக்காகத் தொகுத்த நகல்களை. உங்கள் ஆய்வுக்கு நீங்களே எடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ‘நியாயமான பயன்பாடு’ என்ற வேறு உட்பிரிவு.

கே: பக்கக் கணக்கு முக்கியமில்லைன்னுதானே தீர்ப்பு? அப்ப முழுசும் சரிதான்.

ப: பக்கம் முக்கியமில்லை, கற்பித்தலுக்குத் தேவையா என்பதுதான் அளவுகோல். தேவைக்கு மேல் எடுத்தால் அந்த வாதம் நிற்காது.

கே: ஆறாயிரம் ரூபாய் புத்தகத்துக்கு நியாயம் பேசறீங்களே, அக்கா!

ப: விலை அநியாயம்தான், மறுக்கவில்லை தம்பி. ஆனால் இரண்டு இயலுக்காக 400 பக்கம் நகலெடுப்பது யாருக்கு லாபம்? கடைக்காரருக்கு. உங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பு என்றால் வேறு நூலகத்திலிருந்து இரவலாக வரவழைக்கலாம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு நான்கையும் எழுதிக் கொடுங்கள். பதிப்பு விட்டுப்போனால் வேறு பதிப்பு வந்து, உங்கள் பக்க எண்கள் அத்தனையும் தப்பாகும்.

கே: வீட்டில் கட்டுரை திறக்கல அக்கா...

ப: இன்ஃபெட். மேலே போய்ப் படியுங்கள், பாஸ்வேர்டு பற்றிய வரியையும் சேர்த்து.